கலை நல்லதுதான், ஆனா...

க்ளென் மொராவெக்கிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எங்கள் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதை ஒப்பிக்கும். "கலை நல்லதுதான். ஆனா காலேஜ் அதை எப்படிப் பாக்கும்னு யோசிக்கணும்." பாதிப் பிள்ளைகள் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். "ஆனா"வுக்கு முன்னால் அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதையும் விட மாட்டார்கள். அவனுக்கு அது தெரியும். கோபம் வந்ததில்லை.

நான் வெர்னா பாலிக். மாணவர் ஆலோசகர்களின் அலுவலகத்தில் முன் மேசை என்னுடையது. க்ளென்னின் அறை எனக்கு நேர் பின்னால். பிள்ளைகளோடு பேசும்போது கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது பள்ளி விதி. அதனால் அவன் சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்க்கட்டும்.

அந்த வாக்கியம் புரிய வேண்டுமானால் எங்கள் பள்ளியின் மதிப்பெண் கூத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லூரித் தரத்துப் பாடங்கள் என்று சில உண்டு, பிள்ளைகள் அவற்றை ஏ.பி. என்பார்கள். அதில் முதல் தரம் வாங்கினால் ஐந்து புள்ளி. மற்ற எதில் வாங்கினாலும் நாலுதான். ஓவியம், பாட்டு, மண்பாண்டம் எல்லாம் அந்த நாலில் சேர்த்தி. மூன்று வருஷம் படித்துத் தேறிய பிள்ளைகள் மட்டும் சேரக்கூடிய கடைசி நிலை வகுப்பானாலும் அதே நாலு. பெரிய ஊர்ப் பள்ளிகளில் ஏ.பி. கலை வகுப்பும் இருக்கிறதாம். ஈரி ஏரிக் கரையில், ஆலை மூடிப் பாதி ஜனம் போய்விட்ட எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாலரைக்கு மேல் சராசரி வைத்திருக்கும் பிள்ளை மண்பாண்ட வகுப்பில் முதல் தரம் வாங்கினால், அதன் சராசரி இறங்கும். ஆமாம், முழு மார்க் வாங்கினால் ரேங்க் இறங்கும். அந்த நேரத்தில் ஃப்ரீ பீரியட் எடுத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் இறங்காது, ஏனென்றால் சும்மா இருப்பது கணக்கில் வராது. வேலை செய்தால் நஷ்டம், சும்மா இருந்தால் லாபம். ஊரிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். இதைக் கண்டுபிடித்த மகராசன் யார் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

பட்டமளிப்பு அன்று முதல் பத்துப் பிள்ளைகளைத் தங்க நிறப் பட்டை போட்டு மேடையில் உட்கார வைப்போம். நல்ல கல்லூரிகள் அந்த மேடையிலிருந்துதான் பிள்ளை எடுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பதினோராவது பிள்ளையின் அம்மா கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

க்ளென்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன். அவன் உயரமான ஆள், கொஞ்சம் கூன். அவன் அப்பா எஃகு ஆலையில் இருந்தார். ஆலை மூடிய வருஷம் இவன் கல்லூரி முடித்து வந்து, ஓய்வு பெற்ற ஆலோசகரின் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலியோடு அந்த வாக்கியமும் வந்தது, முந்தைய ஆள் சொன்னதையே இவனும் சொன்னான். மதியம் ஈரல் பசை தடவிய ரொட்டி, வெங்காயம், ஒரு ஆப்பிள். இத்தனை வருஷத்தில் அது மாறி நான் பார்க்கவில்லை. நல்லவனா என்றால் நல்லவன். கல்லூரி விண்ணப்பத்துக்கு உட்காரும் பிள்ளைக்காகச் சனிக்கிழமையும் வந்து அலுவலகத்தைத் திறப்பான்.

ஆனால் அந்த ஆளுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. எப்போது மரத்தது என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவி டெனீஸ் போன மறுநாள்தான் நான் அதைக் கவனித்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தான், கோட்டை மாட்டினான்.

"டெனீஸ் அரிசோனா போயிட்டா," என்றான்.

"அப்படியா, எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர மாட்டா."

அவன் ஸ்டேப்ளரைத் திறந்து பார்த்தான்.

"பின் தீந்துபோச்சு, வெர்னா. வேற இருக்கா?"

எருமை மேல் மழை பெய்த மாதிரி என்பார்களே, அதேதான். மனத்திடம் உள்ளவன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான், அவன் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை, அடக்குவதற்கு அங்கே ஒன்றும் எழும்பவே இல்லை என்று புரிந்தது. டெனீஸ் எனக்குச் சிநேகிதி. பிறகு அரிசோனாவிலிருந்து போனில் என்னிடம், "அவன்கிட்ட ஒரு தடவை சண்டை போட்டுப் பாக்கணும்னு ஆசைப்பட்டேன் வெர்னா, அதுக்குக்கூட ஆள் வரல," என்று சொல்லி அழுதாள்.

அவர்களுக்கு ஒரே மகள், கார்லா. எங்கள் பள்ளியிலேயே படித்தாள். அம்மா கூப்பிட்டபோது அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அங்க சூளை இல்ல, மிஸ் வெர்னா," என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. நெட்டி ஹோல்கோம்ப் என்று மண்பாண்ட ஆசிரியை. அவள் அறையில்தான் இந்தப் பெண் பள்ளி தொடங்கும் முன்னும் கிடப்பாள், மணி அடித்த பின்னும் கிடப்பாள். பேன்ட் முழுக்கக் களிமண். நகத்துக்குள் எப்போதும் சாம்பல் நிறக் கோடு. வீட்டில் அப்பாவும் மகளும் பேசாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நெட்டி சொல்வாள், "அந்தப் பொண்ணா? இங்க வந்தா வாய் மூடாது. கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்துடும்." அந்த அறை ஒன்றில்தான் அவள் பேசினாள், சிரித்தாள். ஊரில் அவளைப் பிடித்து வைத்திருந்ததே அந்த அறைதான்.

கடைசி வருஷத்துக்கு நாலாம் நிலை மண்பாண்ட வகுப்பு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும், ஒன்று குறைந்தாலும் ரத்து செய்துவிடுவார்கள். நெட்டி வருஷா வருஷம் ஆள் பிடிக்கத் தாழ்வாரத்தில் நின்று பிள்ளைகளிடம் கெஞ்சுவாள். அந்த வருஷம் சரியாகப் பன்னிரண்டு, கார்லாவையும் சேர்த்து.

மார்ச்சில் அடுத்த வருஷப் பாடம் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு பிள்ளையும் ஆலோசகரிடம் வந்தாக வேண்டும். வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்களேன் என்று க்ளென்னிடம் சொன்னேன். "எல்லாப் பிள்ளைக்கும் உள்ள முறைதான்," என்றான். கார்லா தன் முறைக்காக என் எதிரில் வரிசையில் உட்கார்ந்திருந்து, பேர் கூப்பிட்டதும் உள்ளே போனாள்.

"உக்காரு, கார்லா."

"உக்காந்துட்டேன், மிஸ்டர் மொராவெக்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஏ.பி. நாலு எடுத்திருக்க, நல்லது. அஞ்சாவதா மண்பாண்டம் போட்டிருக்க."

"ஆமா."

"இப்ப நீ ஏழாவது இடம். இதை எடுத்தா பத்துக்கு வெளிய போயிடுவ."

"தெரியும்."

"மலைமேல இருக்குற அந்தக் காலேஜுக்குத்தானே நீ போகணும்னு சொன்ன."

"நான் சொல்லல. நீங்க சொன்னீங்க, நான் சரின்னேன்."

மூக்குக் கண்ணாடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கடவுளே, வேண்டாம் க்ளென் என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"கலை நல்லதுதான். ஆனா..."

"அய்யோ, எனக்கேவா? தொட்டில்ல கெடந்தப்பவே கேட்டது அது!"

"உனக்கும்தான்."

"சரி, அதுக்குப் பதிலா என்ன எடுக்கறது?"

"ஃப்ரீ பீரியட்."

"அதாவது, சும்மா உக்காரணும்."

"வீட்டுப்பாடம் பண்ணலாம்."

நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.

"இதை நீங்க அப்பாவாச் சொல்றீங்களா, ஆலோசகராச் சொல்றீங்களா?"

"ரெண்டும் ஒரே ஆள்தான்."

"அப்பாகிட்ட தனியாக் கேட்டா என்ன சொல்வார்?"

"இந்த நாற்காலியில உக்காந்த எல்லாப் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லியிருக்கேன். பாட்டை விடச் சொல்லியிருக்கேன், ஓவியத்தை விடச் சொல்லியிருக்கேன். விட்டுட்டுப் போனாங்க. என் பொண்ணுக்கு மட்டும் மாத்திச் சொன்னா, அவங்களுக்குச் சொன்னதெல்லாம் என்னன்னு ஆகும்?"

அதுதான் அவன். ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். வேறு இடமாக இருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அன்றைக்கு எழுந்து போய் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

"நான் எடுக்கலன்னா பதினொண்ணு," என்றாள் கார்லா. "வகுப்பே நடக்காது. தெரியும்ல?"

"அது உன் பொறுப்பு இல்ல."

"சரி," என்றாள். "அடிச்சுடுங்க அதை."

கோடு போட்டு அடித்துவிட்டான். அவள் வெளியே வந்தபோது என் கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கோவமா இருக்கியாடி?"

"இல்ல மிஸ் வெர்னா. ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்ன விதம் அப்படியே அவள் அப்பாவுடையது.

வகுப்பு ரத்தானது என்று தெரிந்த அன்று நெட்டி வந்தாள். மேலங்கி நிறையக் களிமண், அதோடு அவன் அறை வாசலில் நின்றாள்.

"பதினொரு பிள்ளை, க்ளென். பதினொண்ணு! பன்னிரண்டாவதா உன் பொண்ணு இருந்தா."

"தெரியும், நெட்டி."

"தெரிஞ்சுமா?"

"விதி ஒண்ணுதான்."

"உன் விதியைக் கொண்டுபோய் ஏரியில போடு. அவ அந்த ரூமுக்குள்ள வந்தப்புறம்தான்யா வாயத் தொறந்தா! உனக்கு அது தெரியுமா?"

"வேற ஏதாவது இருக்கா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். நெட்டி என்னைப் பார்த்தாள். அடுத்த வருஷத்திலிருந்து அவளைக் காலையில் மட்டும் எங்கள் பள்ளியிலும், மதியத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளியிலும் போட்டார்கள். முன்பு நாலாம் நிலை வகுப்பு நடந்த மதிய நேரத்தில் அந்த அறை பூட்டிக் கிடந்தது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மாதா கோவில் அடித்தளத்தில் மீன் வறுவல் சாப்பாடு போடுவார்கள். நெட்டி வந்துபோன அந்த வாரம் க்ளென் எனக்கு எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தான். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன்டா, நீயெல்லாம் மனுஷனா? பெத்த பிள்ளை கேக்குது, அப்பாவாச் சொல்லுன்னு கேக்குது. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் மீனில் எலுமிச்சை பிழிந்தான். "நான் தப்பாச் சொல்லலையே, வெர்னா."

"தப்பாச் சொன்னேன்னு யார் சொன்னா? சொன்னப்போ உனக்கு ஏதாவது ஆச்சா? உள்ள, இங்க?"

அவன் யோசித்தான். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது, அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான்.

"இல்ல," என்றான். "ஆகணும்னு காத்திருந்தேன். ஆகல."

கோபம் எனக்கு அங்கேயே வடிந்துவிட்டது. அவன் மேல் பரிதாபமாக இருந்தது. என் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு வைத்த பியரோகி கொழுக்கட்டைகளில் இரண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். சாப்பிட்டான்.

செப்டம்பரில் கார்லா சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார ஆரம்பித்தாள். மதிய உணவு முடிந்ததும் வரும் பீரியட். நான் அந்த வழியாகத்தான் தபால் எடுக்கப் போவேன். மற்றப் பிள்ளைகள் போன் பார்க்கும், தூங்கும். இவள் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை சும்மாவே இருக்கும். நகம் சுத்தமாகிவிட்டிருந்தது. முதலில் நான் கூப்பிட்டுப் பேசுவேன், "சாப்டியா? குளிரலையா?" என்று. "ம்" என்பாள். நவம்பரில் ஏரியிலிருந்து பனி அடிக்கத் தொடங்கியதும் நானும் அந்த வழியை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்கு முன்னால், அக்டோபரில், அந்த மலைமேல் கல்லூரியிலிருந்து பெய்ஜ் என்ற பெண் வந்திருந்தாள். வருஷா வருஷம் வருபவள்தான். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதும், பிறகு விண்ணப்பங்களைப் படித்துச் சேர்ப்பதும் அவள் வேலை. கார்லாவும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு அவள் மட்டும் நின்று பெய்ஜிடம் ஏதோ கேட்டதைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். பெய்ஜ் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். கார்லா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். என்னடி கேட்ட என்றேன். "சும்மா," என்றாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. கார்லாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. க்ளென் தன் அறையிலிருந்து எழுந்து வந்து என்னிடம் சொன்னான். நான் நாற்காலியை விட்டுத் துள்ளி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவன் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. "நல்லது," என்றான். அலுவலகத்தில் கேக் வெட்டினோம். கார்லா ஒரு துண்டு வாங்கிப் பாதி தின்றுவிட்டு, "தேங்க்ஸ்," என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். சாவு வீட்டிலாவது யாராவது ஒருத்தர் வாய்விட்டு அழுவார்கள். அங்கே அதுவும் இல்லை. மீதிக் கேக்கை நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஏப்ரலில் ஒரு மதியம் எங்கள் விளையாட்டுக் கூடத்தில் கல்லூரிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்காக. பெய்ஜும் வந்திருந்தாள். நான் பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். க்ளென் ஒவ்வொரு மேசையாக நன்றி சொல்லிக்கொண்டே வந்தான்.

"கார்லா எப்படி இருக்கா?" என்றாள் பெய்ஜ். "எங்ககிட்ட வர்றால்ல?"

"வர்றா." போக வேண்டியவன் நின்றான். "ஒண்ணு கேக்கணும். அவ ஏழாவது இடம். பன்னிரண்டாவதா இருந்திருந்தா?"

"அந்த நம்பரா? அதை நாங்க பாக்கறதே இல்லையே, மிஸ்டர் மொராவெக். பள்ளிக்குப் பள்ளி ஒரு கணக்கு. அதை ஓரமா வச்சுட்டு, இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், வரலாறு, மொழி, இதை மட்டும் எடுத்து நாங்களே ஒரு கணக்குப் போட்டுக்குவோம். மத்த காலேஜ்ல எப்படியோ, எங்ககிட்ட இப்படித்தான்."

"அப்போ கலை?"

"அது ஏத்தவும் ஏத்தாது, எறக்கவும் எறக்காது."

"பாக்கவே மாட்டீங்களா?"

"பாப்போமே. தனியாப் பாப்போம். ஒரு பிள்ளை ஒண்ணைப் பிடிச்சா அதுலயே நிக்குதான்னு பாப்போம். கார்லாவோட மண்பாண்ட டீச்சர் சிபாரிசு எழுதியிருந்தாங்க பாருங்க, அதை எங்க கூட்டத்துல சத்தமாவே படிச்சோம். அப்போ ஒருத்தர் கேட்டார், மூணு வருஷம் அந்த ரூம்லயே கெடந்த பொண்ணு, கடைசி வருஷம் ஏன் அதை விட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கான்னு." பெய்ஜ் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ஏதோ நடந்திருக்கும்னு நெனச்சோம். அதைக் குத்தமா எடுத்துக்கல."

"வீட்டுல," என்றான் க்ளென்.

"ஆமா. பாவம், துருவிக் கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம்."

காபி கோப்பையிலிருந்து வழிந்து என் கையில் கொட்டியது. அடப்பாவி! வருஷா வருஷம் வந்துபோன பெண், அவளிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலியோடு வந்த வாக்கியத்தை யார் சந்தேகப்படுவார்கள். க்ளென் பெய்ஜிடம் நன்றி சொல்லிவிட்டு நடந்தான். நான் கெட்டிலை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அலுவலகத்தில் கார் சாவிக்காகக் கார்லா காத்திருந்தாள். அவன் சாவியைக் கொடுக்கவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னான்.

"கார்லா, ரேங்கை அவங்க பாக்கறது இல்லையாம். நீ அந்த வகுப்பை எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அக்டோபர்லயே. அவங்க வந்தப்பக் கேட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வகுப்புதான் அப்பவே போயிடுச்சே. சொல்லி என்ன ஆகப்போகுது." அவள் சாவிக்குக் கையை நீட்டியபடியே இருந்தாள். "முதல்ல, சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல. அப்புறம், வருத்தப்படுவியான்னே தெரியல. அதான் கேக்காமலே விட்டுட்டேன்."

அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். க்ளென் சாவியைக் கொடுத்தான். அவள் போகும்போது, "ஜூன்ல அம்மாகிட்ட போறேன். காலேஜ் தொறக்கற வரைக்கும் அங்கதான்," என்றாள். அவன் தலையாட்டினான். அவன் அறைக்குள் போய் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அட்டவணை மாற்றக் கடைசி வாரம் அது. இமானி என்று பதினோராம் வகுப்புப் பெண், அவள் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றாள். இன்னொரு நாள் வா என்று சொல்ல நினைத்தேன். "உள்ள அனுப்பு, வெர்னா," என்று க்ளென்னே கூப்பிட்டான்.

"அடுத்த வருஷம் ஒரு எடம் காலியா இருக்கு, மிஸ்டர் மொராவெக்," என்றாள் இமானி. "மூணு வருஷமா நெட்டி மிஸ்கிட்டதான் இருக்கேன், மூணாம் நிலையும் முடியப்போகுது. நான் ஒன்பதாவது ரேங்க் வேற. ஃப்ரீ பீரியட்டே போட்டுக்கட்டுமா?"

"கலை நல்லதுதான்," என்றான் க்ளென்.

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அவனிடமிருந்து அடுத்தது வரவில்லை.

"ஆனா...?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே.

"ஆனா ஒண்ணும் இல்ல. நீ அதை எடு."

"எதை?"

"நாலாம் நிலையை. எடுத்துக்கோ."

இமானி திரும்பிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, பெரியவர்கள் ஏதாவது மறந்துவிட்டால் பிள்ளைகள் மெதுவாக நினைவுபடுத்துவார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

"அந்த வகுப்புதான் இப்ப இல்லையே, மிஸ்டர் மொராவெக்."